ஆடியில் உப்பு, தையில் கரி

போன வருஷம் ஆனி மாதம் மகளுக்கு இழுப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, காற்றிலுள்ள தூசியை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கி, மேற்குப் பக்க ஜன்னலோரம் வைத்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பிளக்கைச் செருகியதும் சிவப்பு எழுத்தில் 94 என்று காட்டியது. வெளியே இரண்டு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கச்சான் என்கிற மேல்காற்று தென்னை மட்டைகளை உலுக்கிக்கொண்டிருந்தது. டெல்லிக்காரன் பயப்பட வேண்டிய எண், கேரள எல்லையோரத்துப் பாறசாலையில், அதுவும் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில்! கருவி பழுது என்று முடிவுகட்டி அலமாரிக்குள் தள்ளிவிட்டேன்.

தை மாதம் வேறு எதையோ தேடும்போது அது மறுபடி கைக்கு வந்தது. சரி, இருக்கட்டும் என்று செருகிப் பார்த்தேன். காலை ஏழரை மணிக்கு 88. மத்தியானம் பார்த்தால் 30. ராத்திரி மறுபடி ஏறியது. இந்தத் தடவை கருவியின் மேல் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் மொட்டை மாடியில் நின்றால் வடக்கே முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் தெரிய வேண்டிய அகத்தியர் மலையைக் காணவில்லை. 1868 மீட்டர் உயர மலை, ஒரு வெளுத்த திரைக்குப் பின்னால் போய்விட்டது.

94-ம் 88-ம் கிட்டத்தட்ட ஒரே எண். ஆனால் ஆனியில் கருவி எண்ணியது ஒரு சரக்கு, தையில் எண்ணியது வேறு சரக்கு. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது. எங்கள் எல்லைப்புறத்துக் காற்றில் ‘எவ்வளவு தூசி’ என்று கேட்பவர்கள் நிறையப் பேர். ‘எந்தத் தூசி, எங்கிருந்து வந்தது’ என்பதுதான் அதைவிட உருப்படியான கேள்வி என்பது என் எண்ணம்.

காற்றில் மிதப்பது திடத் துகளோ திரவத் துளியோ, அதற்கு அறிவியல் வைத்த பேர் ஏரோசால். டப்பாவில் அடைத்து விற்கும் கொசு ஸ்பிரேயும் அந்தப் பேரில்தான் போகிறது என்பதால் குழப்பம் வரும். இங்கே பேசுவது வானம் முழுக்கப் பரவிக் கிடக்கும் துகள்களை. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்; தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மண்தூசியும் கடல் உப்பும் பெரும்பாலும் ஒன்று முதல் பத்து மைக்ரான் வரை. கரிப்புகைத் துகள் அதைவிட மிகச் சிறிது, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு என்கிற கணக்கில் இருக்கும். பிறப்பிலேயே இந்த வேறுபாடு வந்துவிடுகிறது. உடைந்து, அரைபட்டு, தெறித்துப் பிறப்பவை பெருந்துகள்கள்: கடல் நுரை, பாலைவன மணல், கல்குவாரிப் பொடி. எரிந்தோ, வாயுவிலிருந்து உறைந்தோ பிறப்பவை நுண்துகள்கள்: அடுப்புப் புகை, டீசல் கரி, கந்தக வாயுவிலிருந்து வரும் சல்பேட்.

இனி எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், காய்கறிச் சந்தை இன்னொரு மாநிலத்தில். மேற்கே பத்து கிலோமீட்டருக்குள் அரபிக்கடல். கரையில் கேரளத்துப் பொழியூர் முடியும் இடத்தில் தமிழ்நாட்டு நீரோடி தொடங்கும். வடக்கிலும் கிழக்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலை தெற்கே போகப் போகத் தாழ்ந்து ஆரல்வாய்மொழியில் ஒரு கணவாயாகத் திறக்கிறது. முப்பந்தல் காற்றாலைகள் நிற்பது அந்த வாசலில்தான். ஆக, மேற்குக் காற்றுக்கு முன்வாசல் எங்களுடையது. கிழக்குக் காற்றுக்குக் கொல்லைப்புறமும் எங்களுடையதே. வருஷத்தில் சில மாதம் கடல் எங்கள் மேல் ஊதுகிறது, சில மாதம் நாடு முழுக்க எங்கள் மேல் ஊதுகிறது.

பழைய தமிழ் காற்றுக்குத் திசை பார்த்துப் பேர் வைத்தது: கிழக்கே கொண்டல், மேற்கே கோடை, வடக்கே வாடை, தெற்கே தென்றல். கடற்கரையில் இன்னும் அந்த முறை சாகவில்லை. ஏரோசால் ஆராய்ச்சியாளர்கள் இன்று கம்ப்யூட்டரில் காற்றுப் பொட்டலத்தின் பாதையைப் பின்னோக்கி வரைந்து, ‘இது ஐந்து நாளைக்கு முன் எங்கே இருந்தது’ என்று பார்ப்பதும் அடிப்படையில் அதே வேலைதான்.

சரி, முதலில் ஆனி ஆடி. கடல் மேல் காற்று வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தைத் தாண்டும்போது அலைகளின் தலை உடைந்து வெள்ளை நுரை தெரிய ஆரம்பிக்கும். அந்த நுரை என்பது நீருக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள். ஒரு குமிழ் மேலே வந்து வெடிக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது. அதன் மெல்லிய மேல்தோல் சிதறிப் பொடிப் பொடித் துளிகளாகிறது. அதே நொடியில் குழிந்த அடிப்பகுதி எக்கி, ஊசி போல ஒரு நீர்த்தாரையை மேலே எறிகிறது. அதிலிருந்து சற்றே பெரிய துளிகள் சில கழன்று பறக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போனதும் மிஞ்சுவது உப்பு. கடலில் எவ்வளவு இடம் நுரை மூடும் என்பதற்கு 1980-ல் வெளிவந்த ஒரு கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: நுரைப் பரப்பு காற்று வேகத்தின் 3.41-ஆம் அடுக்காக ஏறும். எளிதாகச் சொன்னால், காற்று இரண்டு மடங்கானால் நுரை பத்து மடங்குக்கு மேல். கச்சான் முழு வேகத்தில் அடிக்கிற நாளில் நீரோடிக் கரையில் நின்றால் மூக்குக்கண்ணாடி அரை மணி நேரத்தில் மங்கிவிடுவது இதனால்தான். துணியால் துடைத்தால் போகாது, தண்ணீரில் கழுவ வேண்டும்.

என் கருவி 94 காட்டிய கதை இங்கேதான் அவிழ்கிறது. அடுக்களையில் உப்பு ஜாடியைப் பார்த்திருப்பீர்கள். மாசியில் பொலபொலவென்று இருக்கும் கல்லுப்பு, ஆனியில் தன்னாலே கசிந்து அடியில் தண்ணீர் கட்டும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். ஜாடியில் இருக்கும் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அதற்கும் முன்பே கசியத் தொடங்கும். வானத்தில் மிதக்கும் உப்புத் துகளுக்கும் அதே குணம்தான். மழைக்கால ஈரத்தில் அது நீரைக் குடித்து உப்பி, குறுக்களவு இரண்டு மடங்காகிறது. குறுக்களவு இரண்டு மடங்கென்றால் ஒளியை மறிக்கும் முகப்பு நான்கு மடங்கு. மலிவான கருவிகள் துகளை எடை போடுவதில்லை. உள்ளே ஒரு ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கின்றன. அவற்றின் கண்ணுக்குத் தண்ணீரும் தூசிதான். அதனால்தான் ஈர நாட்களில் எண் எகிறுகிறது. முறையான நிலையங்களில் வடிதாளை ஈரம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடை போடுவார்கள்; தானியங்கிக் கருவியானால் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்துவார்கள். நான் வாங்கியதில் அந்த ஏற்பாடெல்லாம் இல்லை. அதைச் சொல்ல விற்றவருக்கும் மனசு வரவில்லை.

மழைக்காலத்தில் தரைக்கு அருகே உப்பு என்றால், தலைக்கு மேலே வேறொன்று ஓடுகிறது. சோமாலியக் கரையிலிருந்து அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து நம் கரைக்கு ஒரு பலத்த காற்றோட்டம் வருகிறது. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். 1969-ல் ஃபின்ட்லேட்டர் என்பவர் அதைத் தெளிவாக வரைந்து காட்டியதால் அவர் பேரிலேயே வழங்குகிறது. நமக்கு மழையைச் சுமந்து வரும் வண்டி அதுதான். அதே மாதங்களில் அரேபியப் பாலைவனங்களில் தூசிப்புயல் காலம். எழும்பிய தூசி மழைக்காற்றுக்கு மேலே ஏறி, அடுக்கின் மேல் அடுக்காகக் கிழக்கே நகர்கிறது. அரபிக்கடல் மேல் ஏரோசால் அளவு வருஷத்திலேயே உச்சம் தொடுவது ஜூன், ஜூலையில் என்று சாட்டிலைட் படங்கள் காட்டுவதற்கு இந்தத் தூசியும் அடியிலுள்ள உப்பும் சேர்ந்ததுதான் காரணம். தூசி சூரிய வெப்பத்தை உறிஞ்சிக் கடல் மேல் காற்றைச் சூடாக்குகிறது. அது ஈரக்காற்றை இந்தியாவை நோக்கி இன்னும் வேகமாக இழுக்கிறது. ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழை கூடுகிறது என்று வினோஜ் தலைமையில் 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. அரேபிய மணலுக்கும் மத்தியப் பிரதேசத்து வயலுக்கும் இப்படியொரு உறவு.

தூசி என்றதும் இங்கே எல்லாருக்கும் நினைவு வருவது 2001-ன் செம்மழை. ஜூலை 25-ல் தொடங்கி கோட்டயம், இடுக்கிப் பக்கங்களில் ரத்த நிறத்தில் மழை பெய்தது. முதலில் எரிகல் வெடித்த தூசி என்றார்கள், அரேபிய மணல் என்றார்கள், வேற்றுக்கிரக உயிர் என்று ஒரு கட்சியும் கிளம்பியது. திருவனந்தபுரம் ஆக்குளத்திலிருக்கும் புவி அறிவியல் மையமும் பாலோட்டுத் தாவரவியல் ஆராய்ச்சிக் கழகமும் மழைநீரைப் பரிசோதித்து முடிவாகச் சொன்னது: அது டிரென்டபோலியா என்ற பாசியினத்தின் வித்துகள். ஈரமான மரப்பட்டைகளில் செம்பட்டையாகப் படர்ந்திருக்குமே, அதே குடும்பம். எரிகல்லும் வேண்டாம், அரேபியாவும் வேண்டாம். அந்த மழையின் நிறம் உள்ளூர் மரத்திலிருந்தே வந்தது. உயிருள்ள துகள்களும் ஏரோசாலில் ஒரு வகை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மழை காற்றைக் கழுவிவிடுகிறது என்று சொல்வது வழக்கம். பாதிதான் சரி. லாரி வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியில் வண்டு மோதிச் சாகும். இலவம்பஞ்சு மோதாது, காற்றோடு வளைந்து பக்கவாட்டில் போய்விடும். விழுகிற மழைத்துளியும் அந்த லாரி மாதிரிதான். பெரிய துகள்கள் வளைய முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கின்றன. மிக நுண்ணியவை ஓரிடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பதால் எப்படியோ துளியைத் தொட்டுவிடுகின்றன. நடுவே, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஒரு மைக்ரான் வரை உள்ளவை நழுவிவிடும். புகையின் பெரும்பகுதி அந்த அளவில்தான் இருக்கிறது. அவற்றைப் பிடிக்க மேகமே நேரில் வர வேண்டும்: துகளை விதையாக வைத்து மேகத்துளி உருவாகி, அந்தத் துளி மழையாக இறங்கும்போதுதான் அது ஒழியும். ஆக, மழைக்காலத்தில் இங்கே கரி குறைவதற்கு மழை மட்டும் காரணமில்லை. வருகிற காற்றே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வெறும் கடலைக் கடந்து வருகிறது. கரி ஏற்றிக்கொள்ள வழியில் ஊர் ஏது?

புரட்டாசி, ஐப்பசி எனக்குப் பிடித்த மாதங்கள். கச்சான் ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் பிடித்திருக்காது. துலாமழை சாயங்காலம் இடியோடு வந்து போகும். மறுநாள் காலையில் அகத்தியர் மலையின் மடிப்புகளைக்கூட எண்ணலாம். துகள் வகை என்று பார்த்தால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம், எதற்கும் ஆதிக்கமில்லை.

கார்த்திகை முடிந்ததும் காட்சி மாறும். காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துத் தமிழர்கள் இதை விருச்சிகக் காற்று என்பார்கள்; அங்கே அது ஓட்டைத் தூக்கும் வேகத்தில் வரும். எங்களுக்கு அவ்வளவு வேகமில்லை, ஆனால் கொண்டு வருகிற சரக்கு அதிகம். கங்கைச் சமவெளியின் புகை, வங்கக் கடலை ஒட்டிய ஊர்களின் புகை, தமிழ்நாட்டின் செங்கல் சூளை, அனல் மின்நிலையம், அடுப்பு, எல்லாம் சேர்ந்து தெற்கே வடிகின்றன. அதோடு நம் வீட்டுக் கணக்கும் இருக்கிறது. மார்கழி, தை, மாசியில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். காலையில் கூட்டிக் குவித்துத் தீ வைப்பது இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் சடங்கு. ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகைப்புரை, முந்திரி வறுக்கும் ஆலை, தென்னந்தொண்டு எரியும் அடுப்பு என்று பட்டியல் நீளும்.

இந்த வடகிழக்குப் புகையை உலகம் கவனித்தது 1999-ல். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியப் பெருங்கடல் மேல் ‘இண்டோயெக்ஸ்’ என்ற பெரிய பன்னாட்டு ஆய்வு நடந்தது. கப்பல், விமானம், சாட்டிலைட், மாலத்தீவில் ஒரு நிலையம் என்று எல்லாவற்றையும் கொண்டு அளந்ததில், கடல் மேல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிமனில் பழுப்பு நிறப் புகைமூட்டம் படர்ந்து கிடப்பது தெரிந்தது. அந்தப் புகையில் எவ்வளவு விறகும் சருகும், எவ்வளவு டீசலும் நிலக்கரியும் என்பது அடுத்த சண்டை. அதைத் தீர்த்து வைத்தது கரியின் வயது. மரத்தில் இருக்கும் கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 இருக்கும். பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலிலும் நிலக்கரியிலும் அது தேய்ந்து போயிருக்கும். மாலத்தீவிலும் மகாராஷ்டிரத்துச் சிங்ககட் மலையிலும் பிடித்த புகையை அப்படி அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். அளவிடும் முறையைப் பொறுத்து, கரியில் ஏறத்தாழ பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகும் சருகும் போன்றவை எரிந்ததால் வந்தது. எரிகிற சருகுக் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவு வருகிறது. அண்டை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “சருகுப் புகை கொசுவுக்கு நல்லதாக்கும்” என்று பதில் வந்தது.

தையில் காலை 88, மத்தியானம் 30 என்று ஏன் ஆடியது? ராத்திரியில் தரை குளிர்ந்து, காற்று மலையிலிருந்து கடலை நோக்கி மெல்ல இறங்கும். குளிர்ந்த காற்று கீழே தங்குவதால், மேலே ஒரு மூடி போட்ட மாதிரி, சில நூறு மீட்டருக்குள் எல்லாப் புகையும் அடைந்து கிடக்கும். விடிந்து வெயில் ஏறியதும் தரை சூடாகி அந்த அடுக்கைக் கலக்குகிறது. மேலே தேங்கிய புகையும் கீழே இறங்குகிறது. அடுப்பு மூட்டுகிற, பள்ளிக்கூட பஸ் ஓடுகிற நேரமும் அதுவே. பத்து, பதினொரு மணிக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்ததும் எண் சரிகிறது. ஆனால் அந்தக் கடற்காற்றும் முழுச் சுத்தமில்லை. ராத்திரி நாம் கடலுக்கு அனுப்பிய புகையில் ஒரு பங்கை அது திருப்பிக் கொண்டு வருகிறது, நீர்த்த நிலையில்.

இந்த நேரத்துக் காலை வெண்மையை ஊரில் ‘பனி’ என்கிறோம். ஒரு பங்கு பனியும் உண்டுதான். ஆனால் பனி எட்டு மணிக்கு விலகிவிடும். இது பத்து மணிக்கும் மலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது. சாயங்காலம் சூரியன் கடலில் இறங்கும் முன்பே செம்பழமாகி, கண் கூசாமல் பார்க்க முடிகிறது. துகள் சிறிதாக இருந்தால் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாகத் தடுக்கும். பெரிதாக இருந்தால் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி தடுக்கும், வானம் வெறுமனே வெளுக்கும். இந்தச் சின்ன வித்தியாசம்தான் துகள் வகையைத் தூரத்திலிருந்தே பிரித்தறியும் ஆயுதம். ஸ்வீடன்காரர் ஆங்ஸ்ட்ராம் 1929-ல் இதை ஒரு எண்ணாக்கினார். அந்த எண் 1-ஐத் தாண்டினால் நுண்துகள் ஆதிக்கம் என்றும், 0.5-க்குக் கீழே வந்தால் உப்போ மண்தூசியோ என்றும் பொதுவாகக் கொள்ளலாம்.

அதை அளந்த இடம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கிருந்து வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் தும்பா. 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் ஏறிய கடற்கரை. அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், 1980களின் நடுவிலிருந்து சூரியனைப் பத்து நிறங்களில் பார்க்கும் கருவியை வைத்துத் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. கிருஷ்ண மூர்த்தி முதலானோர் வளர்த்தெடுத்த வேலை. பிறகு இந்தியா முழுக்க ஒரு நிலையத் தொடராகவே அது விரிந்தது. ராக்கெட்டுக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒன்றுகூட இதற்குக் கிடைக்கவில்லை. நெருப்பு கக்காத வேலைக்கு டிவியில் இடமில்லை போலும்.

அந்தக் கருவி அளப்பது, வானத்தின் உச்சி வரை உள்ள மொத்தத் துகள்கள் சூரிய ஒளியை எவ்வளவு மறிக்கின்றன என்பதை. ஒளித் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் நேர் உச்சியில் இருக்க, தடிமன் 0.1 என்றால் நேரடி ஒளியில் 90 சதவீதம் தரைக்கு வரும், 0.3 என்றால் 74, 0.6 என்றால் 55. தரையில் கருவி வைத்து அளக்கும் எண் இதிலிருந்து வேறு. இரண்டும் கூட்டாளிகளாகவே போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

பங்குனி, சித்திரையில் அது பொய்யாகிறது. தையில் உச்சத்தில் இருந்த தரைக் கரி, மாசி கழிந்ததும் இறங்கத் தொடங்கும். என் கருவி 25, 20 என்று காட்டும். ஆனால் மலை தெரியாது. வானம் நீலமும் இல்லை, மேகமும் இல்லை, சோறு வடித்த கஞ்சித் தண்ணீர் நிறம். திருவனந்தபுரத்தின் நீண்ட பதிவிலும் இதுதான்: தரையில் கரி குறையும் மாதங்களில் ஒளித் தடிமன் ஏறுகிறது. காரணம் வெயில். சுட்டெரிக்கும் தரை காற்றைச் சில கிலோமீட்டர் உயரத்துக்குக் கிளப்பிவிடுகிறது. துகள்கள் அவ்வளவு ஆழத்துக்கும் பரவி, மூக்குக்கு எட்டும் உயரத்தில் நீர்த்துப் போகின்றன. அதோடு காற்று வடமேற்குப் பக்கம் திரும்பி, கரையோரமாகவே இறங்கி வருகிறது. மேற்கு ஆசியாவின் மண்தூசி மேல் அடுக்கில் சேர்கிறது, கடற்காற்று வலுத்து உப்பு கூடுகிறது, ஈரம் எல்லாவற்றையும் உப்ப வைக்கிறது. மூக்குக்கு நல்ல காலம், கண்ணுக்குக் கெட்ட காலம். 2006 மார்ச் முதல் மே வரை இஸ்ரோ தலைமையில் கப்பலும் விமானமும் தரை நிலையங்களும் சேர்ந்து நடத்திய பெரும் ஆய்வில், கடல் மேல் இப்படி உயரத்தில் தொங்கும் துகள் அடுக்குகளை நேரடியாகவே பார்த்தார்கள்.

2020-ல் ஊரடங்கு வந்தது நினைவிருக்கும். மார்ச் 25-லிருந்து வண்டி ஓடவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் வட இந்தியாவின் துகள் அளவு இருபது ஆண்டில் காணாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று நாசா படம் போட்டது. அதே படத்தில் தென்னிந்தியா அவ்வளவு இறங்கவில்லை. முந்தைய நான்கு ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகக்கூட இருந்தது. அப்போது பலருக்கு அது புதிராக இருந்தது. சித்திரை வானத்தில் தொங்குவதில் பாதிக்கு உப்பும் மண்ணும் ஈரமும்தான் சொந்தக்காரர்கள் என்றால், பஸ்ஸை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? காட்டுத் தீயும் வயல் தீயும் ஊரடங்குக்குக் கட்டுப்படவும் இல்லை.

இப்படிப் பிரித்துப் பேசுவதால் வகைகள் தனித்தனிப் பாத்திரத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். கடலோரத்தில் உப்புத் துகள் நைட்ரிக் அமிலத்தைச் சந்தித்தால், குளோரினை வெளியே விட்டுவிட்டு சோடியம் நைட்ரேட் ஆகிவிடும். அந்த அமிலம் வண்டிப் புகையிலிருந்து வந்தது. மண்தூசியின் மேல் சல்பேட் பூச்சு ஏறும். சாட்டிலைட்டிலிருந்து லேசர் அடித்துத் துகள் வகை பார்த்த கலிப்ஸோ, 2006-லிருந்து 2023 வரை உழைத்தது. அதன் பட்டியலிலேயே ‘மாசு கலந்த மண்தூசி’, ‘மண் கலந்த கடல் துகள்’ என்று கலப்பு வகைகளுக்குத் தனி வரிசை உண்டு. அதனாலும் எல்லாம் முடியாது. ஆனி ஆடியில் மேகம் மூடிவிட்டால் சாட்டிலைட்டுக்கு எங்கள் ஊர் வானம் தெரியாது.

வகை தெரிந்து என்ன ஆகிறது என்று கேட்கலாம். முதலில் உடம்பு. பெரிய உப்புத் துகள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுண்ணிய கரி நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகும். இரண்டாவது சட்டம். இந்தியாவில் 2009-ல் வகுத்த வரம்புப்படி, பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள், ஒரு நாள் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம்; பத்து மைக்ரான் வரை உள்ள பிஎம் 10 என்றால் 100. இதில் உப்பும் எடை, கரியும் எடை. தராசுக்குப் பாகுபாடு தெரியாது. ஐரோப்பாவில் கடல் உப்பு போன்ற இயற்கைப் பங்கை நிரூபித்தால் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. கடலோர ஊருக்கு அது நியாயம்தான். ஆனால் இங்கே அப்படி ஒரு சலுகை வந்தால், களியக்காவிளை வழியாக ராப்பகலாகக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளின் பொடியும் ‘இயற்கை’ என்று எழுதப்பட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. அந்தப் பொடியும் பெருந்துகள்தான். எடையை மட்டும் பார்த்தால் கடல் உப்பிலிருந்து பிரிக்க முடியாது. வேதியியல் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் பிடிபடும், ஒன்றில் சோடியம், மற்றதில் சிலிக்கானும் அலுமினியமும்.

ஜன்னல் வைத்துச் செய்யும் ஒரு வீட்டுச் சோதனை இருக்கிறது. பழைய வெள்ளை வேட்டித் துண்டை நனைத்து ஜன்னல் கம்பியைத் துடைப்பேன். ஆடியில் மேற்கு ஜன்னலில் துணி பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும், கம்பியின் துரு செம்பட்டையாக ஒட்டும். தையில் கிழக்கு ஜன்னலில் துடைத்தால் மை தடவியது மாதிரி கறுப்பு; சோப்பு போட்டாலும் முழுக்கப் போகாது. எங்கள் வீட்டில் மேற்குப் பக்கக் கம்பியை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. கிழக்குப் பக்கம் கட்டியபோது போட்டதுதான்.

இப்போது மேற்கிலும் ஒரு புதுச் சரக்கு வருகிறது. நீரோடியிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் வடமேற்கே விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தது, 2025 மே 2-ல் முறைப்படி திறந்தார்கள். கப்பல் எரிக்கும் கனத்த எண்ணெயில் கந்தகம் இருக்கும். 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுக்க அதன் வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்திருக்கிறார்கள். குறைந்தாலும் புகை புகைதான். கடல் பாசிகள் விடும் வாயுவிலிருந்தும் மழைக்காலத்தில் இயற்கையாகவே சல்பேட் பிறக்கும் என்பதால், கப்பல் சல்பேட்டையும் கடல் சல்பேட்டையும் பிரிப்பது லேசில்லை. கனத்த எண்ணெய்ப் புகையில் வெனேடியமும் நிக்கலும் இருக்கும். அந்தக் கைரேகையைத்தான் தேட வேண்டும், எண்ணெய் மெலிய மெலிய அதுவும் மங்குகிறது. ஆனி ஆடிக் காற்றைச் ‘சுத்தமான கடல் காற்று’ என்று எழுதிவந்த நாற்பது வருஷப் பதிவு இனி எப்படி மாறும் என்பதை அடுத்த சில கச்சான் காலங்கள்தான் காட்ட வேண்டும்.

போன ஆடியில் நீரோடியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டாவிடம் என் கருவிக் கதையைச் சொன்னேன். “இதுக்கு மெஷின் என்னத்துக்கு மக்கா? கச்சான்ல வாற வெள்ளை உப்பு, வாடையில வாற வெள்ளை புகை. மூக்கு சொல்லும்லா” என்றார். சரிதான் பாட்டா என்று எழுந்தேன். அவர் ஊசியை நிறுத்தி, மேற்கே ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இந்த வருசம் கச்சான்லயும் இடைக்கிடை எண்ணெ மணக்குது கேட்டியா.”